கிழிந்து திரும்பும் புத்தகங்கள்

பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் விருதுப் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. பழுது பார்க்கும் மேசையில் போய் உட்கார்ந்தால் போதும். விருது முத்திரை ஒட்டிய புத்தகங்களில் பாதி, வாங்கிவந்த பளபளப்பு போகாமல் அலமாரியில் நிற்கும். பிள்ளைகள் விரும்பி எடுப்பவை முதுகு விட்டு, முனை மழுங்கி, தாள் கழன்று இந்த மேசைக்கு வந்து சேரும். பசை, டேப், ஊசி நூலோடு பல வருடமாக இந்த மேசையில்தான் எனக்குப் பாதி வேலை. கை தவறிக் கிழிந்த புத்தகத்தையும் ஆசையில் கிழிந்த புத்தகத்தையும் இப்போது பார்த்ததுமே பிரித்துவிடுவேன். ஆசையில் கிழிந்தது எத்தனை பிரதி வந்தாலும் ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும்.

1969இல் வெளிவந்த எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ அதற்கு நல்ல உதாரணம். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும் கம்பளிப்பூச்சி. திங்கள் முதல் வெள்ளி வரையான தாள்கள் ஒன்றைவிட மற்றது அகலம் கூடியவை. குறுகலான முதல் தாள்தான் முதலில் கழலும். அடுத்தது ஓட்டைகள். பூச்சி தின்றதைக் காட்ட ஒவ்வொரு பழத்திலும் நிஜமாகவே ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். அதற்குள் விரலை விடாத குழந்தையை நான் பார்த்ததில்லை. விட்டு விட்டு எடுத்து ஓட்டையின் ஓரம் பிய்ந்துவிடும். டேப் ஒட்டினால் ஓட்டை அடைபட்டுப் போகும், பிறகு கத்திமுனையால் வட்டமாக அறுத்துத் திறந்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இது தெரியாமல் ஒட்டியபடியே அலமாரிக்கு அனுப்பிவிட்டார். எடுத்துப்போன குழந்தை அம்மாவை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. “மிஸ், இதுல ஓட்டையக் காணோம்.” படம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, கதையில் ஒரு வரி குறையவில்லை. ஆனாலும் அதற்கு அது வேறு புத்தகம்.

கார்லுக்கே கதை ஓட்டையில்தான் பிறந்திருக்கிறது. தாள் கட்டு ஒன்றில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது புத்தகப் புழு அரித்தது மாதிரி இருக்கிறதே என்று தோன்ற, வில்லி என்றொரு புழுவை வைத்துக் கதை யோசித்தார். புழுவுக்குப் பதில் கம்பளிப்பூச்சி என்று மாறியது பதிப்பாசிரியரிடம் பேசிய பிறகுதான். இப்படி அகலம் மாறும் தாள்களை, துளைகளோடு, கட்டுப்படியாகும் செலவில் செய்துதர அமெரிக்காவில் அச்சகம் அமையாமல் ஜப்பானில் அச்சடித்தார்கள்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பது வேறு. “இதுல என்ன கத்துக்குவான்?” கிழமைகள், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், பூச்சி வண்ணத்துப்பூச்சி ஆகும் கதை என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். கதையில் பூச்சி கூடு கட்டி, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். நிஜத்தில் வண்ணத்துப்பூச்சி பட்டுநூல் கூடு கட்டி அதிலிருந்து வருவதில்லை, அது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வேலை. அறிவியல் பாடமாகப் பார்த்தால் இந்த ஒரு பிழைக்கே புத்தகத்தை ஓரங்கட்டியிருக்க வேண்டும். ஐந்து கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. பாடத்துக்காக விற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளிடம் “இந்தப் புத்தகம் ஏன் பிடிச்சுது?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள். அதற்குமேல் ஒன்றும் பெயராது. அது பரீட்சைக் கேள்வி மாதிரி காதில் விழுகிறது போலும். “எந்தப் பக்கம் பிடிச்சுது?” என்று கேட்டால் கதையே வேறு. வாங்கி, புரட்டி, தேடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டுவார்கள். நாம் நினைத்த பக்கமாக அது அநேகமாக இருக்காது.

டோட்டோ-சானை எடுத்துக்கொள்ளுங்கள். தெட்சுகோ குரோயனாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைத் தமிழிலும் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதைப் பற்றிப் பேசினால் ஒரு காட்சி வந்தே தீரும்: புதிதாகச் சேர வந்த வாயாடிச் சிறுமி பேசப் பேச, தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கொட்டாவி விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது. எனக்கும் அது பிடித்த இடம்தான். ஆனால் பிள்ளைகள் திறந்து காட்டுவது ரயில்பெட்டி வகுப்பறையை, இல்லாவிட்டால் பர்ஸ் கக்கூஸுக்குள் விழுகிற இடத்தை. பர்ஸைத் தேடி டோட்டோ-சான் மலக்குழியைத் திறந்து, நீளக் கைப்பிடி வைத்த அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் திட்டவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். இதைப் படிக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் ஒரு திகைப்பு. “அவர் ஏன் மிஸ் திட்டல?” என்று ஒரு பையன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டான். கல்வியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவன் அந்த ஒரே இடத்தில் பிடித்துவிட்டான். நான்கு மணி நேரம் காது கொடுப்பது பெரியவர்களுக்கு அதிசயம். திட்டாமல் போவது பிள்ளைகளுக்கு அதிசயம்.

கதை நேரத்தில் வாசிக்க எனக்குப் பிடித்தது மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’. 1963இல் வந்தது, மொத்தமே 338 சொற்கள். ஓநாய் உடுப்பில் அட்டகாசம் செய்யும் மேக்ஸை இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பிவிடுகிறாள் அம்மா. அறையில் காடு முளைக்கிறது, அவன் கடல் தாண்டிப்போய்க் கொடும் மிருகங்களுக்கு ராஜாவாகிறான். முதல் பக்கத்தில் சின்னதாக இருக்கும் படம் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, கடைசியில் எழுத்தையே வெளியே தள்ளிவிடும். அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்க விரிப்புகளில் ஒரு சொல்கூட இல்லை, ஆட்டம் மட்டும்தான். வாசிப்பவருக்கு அங்கே வேலை கிடையாது. முதல் தடவை வாசித்தபோது இந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தை வேகமாகத் திருப்பப் பார்த்தேன், பிள்ளைகள் விடவில்லை. ஊளை, உறுமல், தரையில் தட்டல். பக்கத்து வாசிப்பறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களாகவே அடங்கும் வரை காத்திருந்துதான் அடுத்த பக்கம் போக வேண்டும். அடங்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் மேக்ஸும் களைத்துவிடுகிறான்.

இந்தப் புத்தகம் வந்த புதிதில், குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் தயங்கினார்கள். இன்றும் அதே காரணம் சொல்லித் திருப்பித் தருகிற பெற்றோர் உண்டு. மிருகங்களைப் பார்த்து அழுத பிள்ளை என் அனுபவத்தில் குறைவு. சாப்பாடு இல்லாமல் அனுப்பிய அம்மாவை நினைத்து முகம் வாடியவர்கள் அதிகம். கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. மேக்ஸுக்காக வைத்திருந்த சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது என்ற செய்தி மட்டும். அதைக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருக்கும் தோள்கள் தளர்வதைப் பார்க்கலாம். கோபப்பட்டாலும் சோறு உண்டு. அதற்காகத்தான் அந்தப் புத்தகம் மறுபடி மறுபடி போகிறது.

மறுபடி மறுபடி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். “எடுத்ததையே எடுக்கிறா, வேற ஏதாவது குடுங்க” என்பது கவுண்டரில் தினமும் கேட்கிற புகார். அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில். மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து 2011இல் வெளியான ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவின் ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆய்வு சொல்லாவிட்டாலும், வாசிக்கும்போது ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், உடனே கை தூக்குவார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில் உள்ள அதிகாரம் அந்த வயதில் வேறெங்கும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

நூலகர்களான எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். மார்கரெட் வைஸ் பிரௌனின் ‘குட்நைட் மூன்’ 1947இல் வந்தது. நியூயார்க் பொது நூலகம் அதை 1972 வரை வாங்கவே இல்லை. அங்கே குழந்தைகள் பிரிவைப் பல்லாண்டு நடத்திய ஆன் கரோல் மூருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. அவர் சாதாரண ஆளில்லை, குழந்தைகளுக்கென்று நூலக அறை வைப்பதையே பரவலாக்கியவர்களில் ஒருவர். நல்ல கதை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இதில் கதையே இல்லை: ஒரு முயல்குட்டி அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்கிறது, அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுகிறது. கடிகாரம் ஏழிலிருந்து எட்டேகால் பக்கம் நகர்கிறது. வண்ணப் பக்கங்களில் ஒரு சுண்டெலி இடம் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது. என் மேசைக்கு வரும் பிரதிகளில் அந்தச் சுண்டெலியைச் சுற்றித்தான் விரல் கறை இருக்கும்.

மூரைக் குறை சொல்வது சுலபம். இன்றைக்கு அதே கணக்கை ‘டைரி ஆஃப் எ விம்பி கிட்’ வகைப் புத்தகங்களிடம் நாங்கள் காட்டுகிறோம். கிறுக்கல் எழுத்து, குச்சி உருவம், கதாநாயகன் ஒன்றும் நல்ல பிள்ளையும் இல்லை. “இதெல்லாம் படிப்பா?” என்று வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தடித்த புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுகிற பிள்ளை, இருநூறு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுப் போகிறது. பக்கத்தில் பாதி படம் என்பது அதற்குத் தெரியாதா என்ன? முடித்தேன் என்று சொல்லக் கிடைத்ததே, அதுதான் அதற்குப் பெரிசு.

அழவைக்கும் புத்தகம் வேண்டாம் என்பது பெற்றோரின் இன்னொரு நிபந்தனை. ஈ.பி. ஒயிட்டின் ‘ஷார்லட்ஸ் வெப்’ (1952) அதில் மாட்டிக்கொள்ளும். பன்றிக்குட்டி வில்பரைத் தன் வலையில் சொற்கள் பின்னிக் காப்பாற்றும் சிலந்தி ஷார்லட், கடைசியில் இறந்துவிடுகிறாள், அதுவும் தனியாக. ஒயிட் தானே வாசித்து ஒலிப்பதிவு செய்தபோது அந்த இடத்தில் தொண்டை அடைத்துப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்ய வேண்டியிருந்ததாம். எழுதியவருக்கே அப்படி. ஒரு சிறுமி இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய், திருப்பித் தரும்போது என்னைப் பார்க்காமல் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்து அதையே கேட்டாள். “அழுகை வந்துச்சா?” “ம்.” “அப்புறம் ஏன்?” “குஞ்சுங்க வர்ற எடம் இருக்குல்ல?” ஷார்லட் போன பின்பு அவளுடைய முட்டைகள் பொரிந்து, குஞ்சுகளில் பெரும்பாலானவை பறந்துபோக, மூன்று மட்டும் வில்பரோடு தங்கிவிடும். அதைப் போய்ப் பார்க்க, சாவைத் தாண்டித்தான் போக வேண்டும், அவள் தாண்டிவிட்டாள்.

பிள்ளைகளிடமே கேட்டு முடிவு செய்யும் வழக்கம் பதிப்பாளர்களில் சிலருக்கு இருந்திருக்கிறது. ‘தி ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்குக் கருத்து எழுதி வாங்கினார். ஐந்திலிருந்து ஒன்பது வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று எழுதினான் ரேனர். அவனுக்குப் பத்து வயதாகிவிட்டதல்லவா! 1937இல் புத்தகம் வந்தது.

எங்கள் தேர்வுக் கூட்டத்தில் அப்படி ஷில்லிங் கொடுக்க வழியில்லை. ஆண்டுதோறும் இரவல் போகாதவற்றை நீக்கப் பட்டியல் போடும்போது வாக்குவாதம் வரும். நூலகவியல் அறிஞர் சியாளி ராமாமிருதம் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவதைக் காட்டி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, பொறுங்கள் என்பார் மூத்தவர் ஒருவர். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வேன்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். இடம் கொஞ்சம்தானே. பேச்சோடு நிற்காமல் பழுதுப் பதிவேட்டையும் கொண்டுபோவேன். புத்தகத்தின் பெயர், வந்த தேதியோடு எந்தப் பக்கம் கிழிந்தது என்பதையும் அதில் எழுதி வைக்கிறேன். கம்பளிப்பூச்சிக்குக் கெட்டி அட்டைப் பதிப்பு உண்டு, எளிதில் கிழியாது, அதையே வாங்கலாம் என்று இந்த முறை கணக்குப் பார்த்தார்கள். கெட்டி அட்டையில் சில பிரதி போதும், மிச்சத்தைப் பெரிய தாள் பதிப்பில் வாங்குங்கள், ஒட்டுவது என் பாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.