போண்டாய் முதல் கூஜி வரை
சிட்னி வருகிறவர்கள் ஓப்பரா ஹவுஸ் முன்னால் படம் எடுத்ததோடு கிளம்பிவிடாதீர்கள், போண்டாய் கடற்கரையிலிருந்து கூஜி கடற்கரை வரை பாறை ஓரமாகவே போகும் 6 கிலோமீட்டர் பாதையை ஒரு தடவையாவது நடந்து பாருங்கள். அலைச்சறுக்கு பார்க்க எனக்குப் பிடித்த இடம் டமராமா. சின்னக் கடற்கரைதான், ஆனால் நீரோட்டத்தின் இழுப்பு பொல்லாதது. பலகையில் படுத்தபடியே ஒரு அலையை விட்டு, அடுத்ததையும் விட்டு, பிடித்த அலை வந்ததும் சட்டென்று எழுந்து நிற்கிறார்கள், என்ன ஒரு பொறுமை! அப்புறம் ப்ரோன்டே, அங்கே பாறையோரக் கடல்நீர்க் குளத்துக்குள் அலை எகிறி விழும். கடலில் இறங்க ஆசையா? உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும், தயவுசெய்து. 1877இல் திறந்த வேவர்லி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினால் குளோவெல்லி கடற்கரை, அதன் பிறகு படிக்கட்டுகள் நிறைய, தண்ணீர் பாட்டில் அவசியம்.