வலது கால் கியரும் நாலு நூல் கம்பியும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஒரு மணி நேரம் போதும். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரை நாள் ஆனது. அந்த அரை நாளில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்காமல் விட மனசில்லை.

வண்டி அப்பாவுடையது. வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் உள்ள பழைய 350 புல்லட். இன்றைய வண்டி ஓட்டுகிறவர்கள் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார்கள். 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைச் சட்டமாக்கிய பிறகு மற்ற நாட்டு வண்டிகளெல்லாம் மாறின. புல்லட் தயாரான திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் இருந்து மட்டும் வலது கால் கியர் வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் வந்துகொண்டிருந்தது. மேலே ஒண்ணு, கீழே மூணு. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். கியர் லீவருக்கு மேலே குட்டியாக இன்னொரு லீவர் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் அதை அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அப்பா அதை அழுத்துகிற நேர்த்தியைப் பின்சீட்டில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒரு மாதமாக வண்டியில் செகண்ட் கியர் சரியாக விழவில்லை. அழுத்தி மிதித்தால் விழும். சில நேரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எஞ்சின் மட்டும் கத்தும். நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது. கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் இழுக்கும். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கணும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காலை 5.30-க்குக் கிளம்பினேன். சுண்ணாம்பாறு பாலத்தில் நல்ல காற்று. தவளக்குப்பம் நெருங்கும்போது முன்னால் பேருந்து நிற்க, கியரைக் குறைக்கப் பார்த்தேன். லீவர் கல் மாதிரி நின்றது. இன்னும் அழுத்தினேன். வண்டி குலுங்கி அணைந்தது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கியர்பாக்ஸ் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்னால் இருந்து ஒரு எஸ்டி (Yezdi) பைக்கின் சத்தம். இரண்டு சைலன்சரில் இருந்தும் நீலப் புகை விட்டுக்கொண்டு வந்த வண்டி என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பழைய வண்டி ஓட்டுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்னொரு பழைய வண்டி ஓரமாக நின்றால் கேட்காமல் தாண்ட மாட்டார்கள். அந்தக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த ரோட்டில் வண்டி நின்றால் அடுத்து வருகிற வண்டிக்காரனை விட்டால் வேறு துணை கிடையாது. அப்போது வந்த பழக்கம் என்றார் பின்னால் பேசும்போது.

"என்னப்பா ஆச்சு?"

"கியர் விழ மாட்டேங்குதுங்க அய்யா. கியர்பாக்ஸ் போல."

அவர் கியர்பாக்ஸ் பக்கமே குனியவில்லை. நேராக ஹேண்டில்பாருக்கு வந்து கிளட்ச் லீவரை இரண்டு முறை பிடித்து விட்டார். ரப்பரை ஒதுக்கிவிட்டு, "இங்க வந்து பாரு" என்றார்.

கிளட்ச் கம்பியின் நுனியில், உருண்டையான நிப்பிள் லீவரில் உட்காரும் இடத்தில், நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்து துடைப்பக் குச்சி மாதிரி விரிந்து நின்றன. துருவும் கிரீஸும் சேர்ந்து கறுத்திருந்தது. நடுவில் நாலு நூல் மட்டும் பளபளவென்று இழுவையில் இருந்தது. "இந்த நாலுதான் உன் வண்டிய இழுத்துட்டு வந்திருக்கு" என்றார்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. நூல் அறுந்து போகப் போக, மிச்சம் இருக்கும் நூல் இழுபட்டுக் கம்பி நீளும். லீவரை முழுசாகப் பிடித்தாலும் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் முழுசாகப் பிரியாது. எஞ்சினின் இழுவை கியர் பற்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியில் கியரும் மாறாது, நியூட்ரலும் வராது. ஒரு மாதமாக நான் காலால் மிதித்துக்கொண்டிருந்த கோளாறு என் இடது கையில் இருந்திருக்கிறது.

சீட்டுக்கு அடியில் இருந்து அவர் ஒரு துணி மூட்டையை எடுத்தார். ஸ்பார்க் பிளக், பாயின்ட் தேய்க்கும் அரம், கட்டிங் பிளேயர், சுருட்டிய கிளட்ச் கேபிள். ஆனால் அது எஸ்டி கேபிள், எனக்குச் சேராது. அட்ஜஸ்டரைத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு, "இந்த நாலு நூலு வண்டி கிளம்புறதுக்கு மட்டும்தான். அப்புறம் கிளட்ச் தொடாத" என்றார்.

கிளட்ச் இல்லாமல் கியர் மாற்றுவது எப்படி என்று நடுரோட்டில் பாடம் நடந்தது. "ஆக்சிலேட்டர ஒரு நொடி விடு. லீவர் மேல கால வை. மிதிக்காத, வை. பல்லுல பாரம் குறையும்போது அதுவா விழும்." தன் வண்டியைக் காட்டினார். அதில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. கிக்கடித்து முடித்ததும் அதையே முன்னால் மடக்கிக் கியர் போடுவார்கள். அந்த லீவரை அழுத்தும்போது கிளட்ச் தானாகவே விலகும். அதனால் கம்பி அறுந்தாலும் எஸ்டிக்காரன் வீடு போய்ச் சேருவான். மைசூரில் 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டியை அவர் இன்னமும் தினம் ஓட்டக் காரணம் கேட்டேன். "என் காலுக்கு அது பழகிடுச்சுப்பா" என்றார்.

அவர் முன்னால் போக, நான் பின்னால். கிருமாம்பாக்கத்தில் கூட்டம் தெரிந்ததும் இடது கையை நீட்டி மேலும் கீழும் அசைத்து, மெதுவா என்றார். இண்டிகேட்டர் இல்லாத காலத்துக் கை. முள்ளோடையில் பெட்ரோல் போட புதுச்சேரி எல்லையோரம் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நிற்காமல் போனதுதான் பெரிய பாடு. அதைத் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. தேர்டில் இருந்து நாலுக்குப் போக ஆக்சிலேட்டரை விட்டேன், காலை வைத்தேன். க்ளக். சத்தம்கூட இல்லை, பாதத்தில் மட்டும் தெரிந்தது. இருபது வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், அப்படி ஒரு கியர் விழுந்ததே இல்லை. தென்பெண்ணைப் பாலத்தில் ஏறும்போது சத்தம் போட்டே சிரித்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் அவருக்குத் தெரிந்த பாயின் பட்டறை. ஞாயிறு என்றாலும் திறந்திருந்தது. ஆணியில் கொத்தாகத் தொங்கிய கேபிள்களில் ஒன்றை உருவினார் பாய். மாட்டுவதற்கு முன் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து, மேல் முனையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கீழ் முனையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை காத்திருந்தார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாட்டி முடித்ததும் மேஜை டிராயரில் இருந்து பழைய தடித்த அஞ்சு ரூபாய் காசை எடுத்து, கிளட்ச் லீவருக்கும் அதன் தாங்கிக்கும் இடையே வைத்துப் பார்த்தார். காசு நுழைகிற அளவுக்குத் தொய்வு வேண்டும். அதுவும் இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும், அதிகமானால் மறுபடி கியர் விழாது.

"காலைல முதல்ல கிளட்ச புடிச்சிக்கிட்டு ரெண்டு கிக் அடிங்க தம்பி. ராத்திரி ஒட்டிக்கிட்ட பிளேட்டு பிரியும். அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். அப்பாவும் அப்படித்தான் செய்வார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

பெரியவர் இன்னொரு கேபிளும் வாங்கச் சொன்னார். புதுக் கம்பியை ஒட்டியே அதையும் ஹேண்டில்பாரில் இருந்து கியர்பாக்ஸ் வரை ஓட்டி, டியூப் ரப்பரில் வெட்டிய வளையங்களால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார் பாய். வழியில் அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். டீக்குக் காசு கொடுக்கக்கூட என்னை விடாமல் பெரியவர் கிளம்பிப் போனார்.

வெயில் ஏறிய பிறகுதான் தேவனாம்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். கடலைப் பார்த்தது பத்து நிமிஷம் இருக்கும். திரும்பும்போது முள்ளோடையில் மறுபடியும் அதே கூட்டம். செகண்டில் ஊர்ந்து வந்து, கிளட்சைப் பிடித்து, குதிகாலால் அந்தக் குட்டி லீவரை அழுத்தினேன். நியூட்ரல். இரண்டு கையையும் எடுத்துவிட்டு நின்றேன்.