சீட்டுக் காசு ஜூலைக்குப் போன கதை

இலங்கையின் ஹட்டனில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வீட்டுக் கணக்கு எழுத ஒரு சின்ன மென்பொருள் செய்கிறோம். கோட் முழுக்கத் திறந்தே இருக்கிறது, யாரும் எடுத்துத் திருத்தலாம். அம்மாவின் தோட்டச் சம்பளம், கடைக் கடன், சீட்டு எல்லாம் நான் எழுதுவது அதில்தான், லண்டனில் இருக்கும் அக்காவும் அதே கோப்பைத் திறந்து பார்ப்பாள். போன ஆகஸ்டில் அவள் கேட்டாள்: "தம்பி, ஜூலை கடைசியில ஐயாயிரம் ரூபா குறையுதே, சீட்டுக்கு முன்னாடியே கட்டிட்டியா?"

நான் கட்டியது ஆகஸ்ட் 1ஆம் திகதி. என் திரையில் அப்படித்தான் இருந்தது. அவள் திரையில் ஜூலை 31.

திகதியை நாங்கள் நள்ளிரவு 12 மணி என்ற ஒரு கணமாகச் சேமித்திருந்தோம். இங்கே ஆகஸ்ட் 1 பிறக்கும்போது உலகப் பொது நேரமான யுடிசியில் ஜூலை 31 மாலை 6:30, லண்டனில் கோடைகாலம் என்பதால் 7:30. கணினி சரியாகத்தான் காட்டியது, நாங்கள்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தோம்.

ஒரு கூட்டாளி உடனே சொன்னான், எங்கே திறந்தாலும் யுடிசியோடு இலங்கையின் ஐந்தரை மணி வித்தியாசத்தை (+5:30) கூட்டிக் காட்டுவோம், வேலை முடிந்தது என்று. எனக்கும் முதலில் சரி என்றுதான் பட்டது. ஆனால் அவனுடைய அப்பாவின் கடைக் கணக்கு 2005இலிருந்து எங்கள் கோப்புக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது, அப்போது இலங்கை நேரம் +5:30 இல்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை +6:30க்குத் தள்ளினார்கள், அதே வருடம் அக்டோபரில் +6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி +5:30க்குத் திரும்பினோம். பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே 2005இல் எழுதிய நள்ளிரவை இன்றைய +5:30 வைத்துப் படித்தால் முந்தின நாள் இரவு 11:30 ஆகிவிடும். அந்தக் கடைக்காரர் ஹட்டனை விட்டு எங்கும் போகாமலே அவருடைய திகதிகள் ஒரு நாள் பின்னால் போயிருக்கும்.

க்னூகேஷ் (GnuCash) என்ற திறந்த கணக்கு மென்பொருளைச் செய்தவர்களும் இதே சிக்கலில் நின்றவர்கள்தான். 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பரிவர்த்தனைத் திகதியை நள்ளிரவாக வைக்காமல் யுடிசி 10:59 என்று வைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஹவாயில் அதிகாலை 12:59, இங்கே மாலை 4:29, +13 நேர வலயத்தில் இரவு 11:59, எல்லா இடத்திலும் ஒரே திகதி. அதற்கும் வெளியே விளிம்பில் இருக்கும் ஓரிரு வலயங்களுக்கு மட்டும் தனித் திருத்தம் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது, பழைய கோப்புகளைச் சுமந்துகொண்டு வரும் ஒரு மென்பொருளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

எங்களுக்கு அந்தச் சுமை குறைவு. அதனால் நேரமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சீட்டுக் கட்டிய திகதி வெறும் வருடம், மாதம், நாள், அவ்வளவுதான். அதைக் கணினியில் பதிந்த கணம் தனியாக, யுடிசியில் இருக்கும்.

அப்புறம் பழைய பதிவுகளை மாற்ற வேண்டியிருந்தது, மூன்று இரவு அதில் போயிற்று. எல்லாவற்றையும் கொழும்பின் நேர வரலாற்றை வைத்துத் திகதியாக்கினோம். அக்கா லண்டனில் இருந்து எழுதியவைகூடச் சரியாக வந்தன, அங்கே நள்ளிரவு என்றால் இங்கே அதே நாள் விடியற்காலை. மெல்பர்னில் இருக்கும் கூட்டாளியின் அண்ணன் எழுதியவை மட்டும் ஒரு நாள் பின்னால் போய்விட்டன, அங்கே நள்ளிரவாகும்போது இங்கே முந்தின நாள் மாலை. அவருடைய பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் திருத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சேமித்த நேரமே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது: யுடிசி 18:30 அல்லது 18:00 என்றால் இங்கே எழுதியது, 14:00 அல்லது 13:00 என்றால் மெல்பர்ன். அந்த ஒரு நிபந்தனையை நேற்று இரவு சேர்த்தேன், காலையில் அண்ணன் தன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திகதிகள் எல்லாம் சரி என்று செய்தி அனுப்பியிருந்தார்.