தோட்டத்துச் சாலையும் டூரிங் மோட்டாரின் செயினும்

டூரிங் மோட்டார், அதாவது நெடுந்தூரப் பயண மோட்டார் சைக்கிள், வாங்க வருகிறவர்கள் பக்கப்பெட்டி, காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கூடுதல் விளக்கு பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தை. நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்பே செம்மண், மழைச்சேறு, செம்பனை நார், லோரியிலிருந்து கொட்டிய உதிரிப்பழம் எல்லாம் அதன் மேல் ஏறிவிடும். எஞ்சின் கெடுவதற்குப் பல காலம் முன்பே செயின் தேய்ந்துவிடும்.

எந்த மோட்டார் என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பி2 மோட்டார் லைசென்ஸ் 250 சிசி வரைதான். கேமரன் மலைக்கும் கிழக்குக் கரைக்கும் போய்வர அது தாராளம். கவாசாக்கி வெர்சிஸ்-எக்ஸ் 250, சுசுகி வி-ஸ்ட்ரோம் 250 இரண்டுமே இரட்டை சிலிண்டர் வண்டிகள். பெட்ரோல் தொட்டியும் 17 லிட்டரை ஒட்டித்தான். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் காட்டுச் சாலையில் அந்தப் பெரிய தொட்டியின் அருமை தெரியும். ஆனாலும் கிரிக்கிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெர்சிஸுக்கு முன்சக்கரம் 19 அங்குலம், குழிகளைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். வி-ஸ்ட்ரோமுக்கு இரண்டும் 17 அங்குல அலாய், டியூப்லெஸ். செம்பனை மட்டை முள் குத்தினால் டியூப்லெஸ் டயரைச் சக்கரம் கழற்றாமலே அடைத்துக்கொண்டு கிளம்பலாம். தனியாகத் தூரம் போகிறவருக்கு என் தேர்வு டியூப்லெஸ்தான்.

பழைய வண்டி வாங்கும்போது பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரத்தின்) பின்கோடியில் செயினை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

காப்சாய் எனும் சின்ன மோட்டாரின் செயினுக்குக் கழிவு எஞ்சின் எண்ணெய் ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. டூரிங் மோட்டாருக்கு அதைச் செய்யாதீர்கள். இதன் செயினில் இணைப்புகளைக் கோக்கும் ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் கிரீஸ் அடைத்து, இருபுறமும் ரப்பர் வளையம் வைத்து மூடியிருப்பார்கள். வளையம் கெட்டால் கிரீஸ் வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும், இணைப்புகள் விறைத்துக்கொள்ளும். கழிவெண்ணெயில் இரும்புத் துகளும் கரியும் இருக்கும். அதோடு செம்மண் தூள் சேர்ந்தால் ஸ்பிராக்கெட் பல்லை அரைத்துத் தள்ளும் பசையாகிவிடும். பெட்ரோல், தின்னர், கம்பி பிரஷ் மூன்றும் வளையத்துக்கு எதிரி. கார் கழுவும் கடையின் அழுத்தத் தண்ணீரையும் செயினிலோ சக்கர பேரிங்கிலோ நேராக அடிக்க விடாதீர்கள்.

மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷால் நான்கு பக்கமும் தேய்த்து, துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு செயின் ஸ்பிரேயோ 80டபிள்யூ-90 கியர் எண்ணெயோ மெல்லியதாகப் போதும். அதைச் செயினின் உட்பக்கத்தில், தகடுகள் சேரும் இடத்தில் விடுங்கள். சுழலும்போது தானே வெளிப்பக்கம் பரவும். ஓடி வந்த சூட்டோடு இரவில் போட்டுவிட்டால் காலைக்குள் ஊறியிருக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மழையில் நனைந்தால் அன்றைக்கே. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

முன் ஸ்பிராக்கெட் மூடியை யாரும் கழற்றுவதில்லை. கழற்றிப் பார்த்தால் எண்ணெயும் மண்ணும் பனைநாரும் கட்டியாக அடைந்திருக்கும். சுத்தம் செய்யும்போதே நட்டு இறுக்கமாக இருக்கிறதா, சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேய்மானத்தை அளந்துதான் சொல்ல வேண்டும். 520 என்ற அளவுள்ள செயினில் அடுத்தடுத்த 21 பின்களுக்கு இடையே, அதாவது 20 இணைப்புக்கு, புதிதில் 317.5 மி.மீ. இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து அளக்கும்போது 319 தாண்டினாலே கவனம் தேவை. மாற்றும் எல்லையைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும்.

தளர்வு, அதாவது செயின் மேலும் கீழும் ஆடும் அளவு, விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு செயினை இறுக்கிவிடுவது. ஆள் ஏறி, பெட்டி ஏறி, பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட், சுவிங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கரம்) அச்சு, பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அந்த நிலையில்தான் செயின் மிக அதிகமாக இழுபடும். அதற்கு இடம் விடாவிட்டால் கியர்பாக்ஸின் வெளியச்சு பேரிங்கும் சீலும் போய்விடும். அந்தப் பழுதின் செலவில் பல செயின் வாங்கலாம். சுவிங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவையே வையுங்கள். பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. வரை. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஆகவே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை இறுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். சுவிங்ஆர்மில் உள்ள அடையாளக் கோடுகளை மட்டும் நம்பாமல் சுவிங்ஆர்ம் அச்சிலிருந்து ஆக்ஸில் வரை இருபுறமும் அளந்து பாருங்கள். நட்டைக் கையேடு சொல்லும் டார்க்கில் இறுக்கி, தளர்வை மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறுவது உண்டு. நட்டு கழறாமல் தடுக்கும் கோட்டர் பின் இருக்கும் வண்டியில் புதுப்பின் போடுங்கள். பின் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.