கப்பலில் படுத்தால் எந்தப் பக்கம் ஆடும்?

நாவலின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார் எடிட்டர் அக்கா. "கப்பலில் படுத்தால் எந்தப் பக்கம் ஆடும்? தலைமாடு கால்மாடா, இடம் வலமா?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதாகிறது. பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி பி.வி. காலனி. பர்மாவையும் வியட்நாமையும் பேரிலேயே வைத்திருக்கிற காலனி. துறைமுகத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஆனால் கப்பலில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

அந்த அத்தியாயம் என் ஆயாவுடையது. 1962ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது ரங்கூனில் தாத்தா வைத்திருந்த பலசரக்குக் கடையும் போனது. அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கையில் இருந்த காசும் காகிதமானது. ஆறு வயது அப்பாவை இழுத்துக்கொண்டு ஆயா மெட்ராஸுக்குக் கப்பலேறியது. இந்தக் கதையை ஆயா நூறு தடவை சொல்லியிருக்கும். ஆனால் சொன்னதெல்லாம் ஏறியதும் இறங்கியதும்தான். நடுவில் இருந்த கடலைக் கேட்டால், "வாந்தி, ஒரே வாந்தி" என்று முடித்துவிடும். அந்த வாந்தியை வைத்துக்கொண்டு நான் இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

ரங்கூன் கப்பல் இப்போது இல்லை. இதே துறைமுகத்திலிருந்து, இதே வங்காள விரிகுடாவில் வழக்கமாகப் பயணிகள் கப்பல் போவது அந்தமானுக்குத்தான். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நமக்கு எவ்வளவு தூரமோ, அதைவிட ரங்கூனுக்குப் பக்கம். சரி, போய்ப் படுத்துத்தான் பார்ப்போமே என்று முடிவு பண்ணினேன்.

"இன்னாத்துக்கு சார் கப்பலு? ஃப்ளைட்டுல ரெண்டே கால் மணி நேரத்துல பூடலாம்" என்றார் பர்மா பஜார் பக்கம் நான் வழக்கமாக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும் தள்ளுவண்டிக்காரர். கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள் என்றதும் வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினார். பரிதாபம்தான், வேறென்ன.

ரயில் டிக்கெட் மாதிரி நினைத்துக்கொண்டு இறங்கியதுதான் முதல் தப்பு. இந்தக் கப்பலுக்குத் தினசரி, வாராந்திரம் என்றெல்லாம் கிடையாது. தேதிப் பட்டியல் வரும், அதிலிருந்துதான் நம் லீவைக் கணக்குப் போட வேண்டும். காற்று மழை என்றால் அந்தத் தேதியும் நகரும். நான் லீவு எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கியது இரண்டு தடவை. மூன்றாவது தடவை மேனேஜர் லீவு லெட்டரை வாங்கவே இல்லை. "கெளம்புறப்போ போன் பண்ணுங்க" என்றுவிட்டார்.

இரண்டாவது தப்பு முழுக்க என்னுடையது. விண்ணப்பத்தில் பழக்க தோஷத்தில் புனைபெயரை எழுதிவிட்டேன். இருபது வருஷமாக அதில்தான் கையெழுத்துப் போடுகிறேன், கை தானாகப் போய்விட்டது. கவுண்டரில் இருந்த அம்மா ஆதாரைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், கப்பல்ல போறது நீங்களா, இவரா?"

நல்ல கேள்விதான். அடித்துவிட்டு எழுதக்கூடாது, புது ஃபாரம் எழுதி மறுபடி வரிசையின் வாலுக்கு வந்தேன்.

வால் பிடித்ததில் ஒரு லாபம். எனக்கு முன்னால் நின்றவர் கொத்தனார். ஊர் ராமநாதபுரம் பக்கம், குடும்பம் இருப்பது அந்தமானில். தீவுக்காரர் அட்டை வைத்திருப்பதால் அவருக்குக் கட்டணம் குறைவு. கேபின் எடுக்கலாமா, பங்க் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். பங்க் என்பது பெரிய ஹாலில் வரிசை வரிசையாக இரண்டடுக்குப் படுக்கை. "கதை எழுதறவரு கேபின்ல போய் யாருகிட்ட பேசுவீங்க?" என்றார். "மேல் பெட்டு கேளுங்க. கீழ படுத்தா மேல இருக்கறவன் வாந்தி நம்ம தலையில. இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம், ஒரு போர்வை. கப்பல் நடுவுல இடம் கெடைச்சா ஆட்டம் கம்மி." எந்தப் பக்கம் ஆடும் என்று கேட்டேன். சிரித்தார். "அது அன்னிக்கிக் கடலப் பொறுத்து."

டிக்கெட் வந்துவிட்டது. இனி கையெழுத்துப் பிரதியின் சங்கதி. முதல் ஐந்து அத்தியாயங்களை 2006ல் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அதில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். இப்போதைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினால் தமிழெல்லாம் ஒழுங்காக வந்துவிடுகிறது. நடுவில் ஆங்கிலத்தில் அடித்ததுதான் மாட்டிக்கொள்கிறது. தாத்தா கடை அரிசிக் கணக்கில் 50 கிலோ என்பதை 'கேஜி' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். அது '50 மப' ஆகிவிட்டது. பதினான்கு இடத்தில் மப. தேடித் தேடித் திருத்தியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. திரும்பி வந்துதான்.

காசிமேட்டுச் சிறுகதைத் தொகுப்பு மெய்ப்பில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் நடக்கும் பதினொரு கதைகள். நானே வெளியிடுவதால் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கும் நானே இணையத்தில் விண்ணப்பித்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, பொறுமைதான் வேண்டும். இங்கே மட்டும் புனைபெயர் செல்லும். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன். போன ஜனவரியிலும் இதையே சொன்னேன்.

தீவில் பத்து நாள். செல்லுலார் ஜெயிலை ஒரு காலைப்பொழுதில் முடித்துக்கொண்டு, மாயாபந்தர் பக்கம் வெபி என்ற ஊருக்குப் போகிறேன். 1925ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் ஊர் அது. சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே போகிறது. அங்கே வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. வெபியில் யாராவது மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸ்) சமைத்தால், அதற்கும் நம் பர்மா பஜார் மொய்ங்காவுக்கும் எவ்வளவு தூரம் என்று நாக்கில் அளந்து பார்க்க வேண்டும்.

பையில் மரப்பா வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் கிளம்பும் அன்று வாங்கினால் போதும். எனக்குக் கிடைத்தது கீழ் பெட்டுதான். ஆயா வந்தது கீழா, மேலா என்று கேட்டு வைக்கவில்லை.