அம்மா சேவித்த சேர்த்தி

என் அம்மா 42 வருஷம் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தவர். 1972-ல் கல்யாணமாகி வடக்கு உத்திர வீதிக்கு வந்தார். 2014-ல் அப்பா காலமானதும் எங்களோடு கோயம்புத்தூருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கோயிலின் வடக்கு வாசல் ஐந்து நிமிஷ நடை. உள்ளே நுழைந்ததும் ரங்கநாயகித் தாயார் சன்னதி. வருஷத்தில் பங்குனி உத்திரம் ஒரு நாள்தான் பெருமாளும் தாயாரும் அங்கே சேர்ந்து சேவை சாதிப்பார்கள்; அதுதான் சேர்த்தி. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அம்மா ஒரு தடவைகூட அந்தச் சேர்த்தியை சேவித்ததில்லை. போன பங்குனியில்தான் அந்தக் குறை தீர்ந்தது.

எப்படி 42 வருஷம் முடியாமல் போகும் என்று கேட்கலாம். கோயில் வீதியில் குடியிருந்தவர்களுக்குப் புரியும். திருநாள் என்றால் ஊரிலிருக்கும் சொந்தமெல்லாம் நம் வீட்டில்தான் வந்து இறங்கும். லால்குடியிலிருந்து அத்தைகள், முசிறியிலிருந்து சித்தப்பா குடும்பம், அவர்கள் கூட்டிக்கொண்டு வரும் தெரிந்தவர்கள். வந்து இறங்கியதும் காபி, சேவித்துவிட்டு வந்ததும் சாப்பாடு, கிளம்பும்போது கையில் புளியோதரைப் பொட்டலம். உத்திரத்தன்று விடியற்காலை அடுப்பு மூட்டினால் ராத்திரி பத்து மணிக்குத்தான் அம்மா கையைத் துடைப்பார். அதற்குமேல் கிளம்பிப் போய்ச் சேவிக்க முடியாது. எதிர்வீட்டு மாமி கிண்டலாகச் சொல்வார்: "உள்ளே ரங்கநாயகி படி தாண்டமாட்டா, வெளியில நீ தாண்டமாட்டே." அம்மா சிரித்துக்கொண்டே அடுத்த ஈடு அரிசியைக் களைவார்.

1987 மார்ச் 25 ராஜகோபுரக் கும்பாபிஷேகத்தன்றும் இதே கதைதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மொட்டைக் கோபுரம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் கண்ணெதிரில் பதின்மூன்று நிலையாக, 236 அடிக்கு வளர்ந்து நின்றது. சாரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன நாட்கள் அவை. அன்று மொட்டை மாடியில் நின்று நாங்கள் எல்லோரும் கைகூப்பினோம். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக, கரண்டியைக் கீழே வைக்காமலே, "ரங்கா, ரங்கா" என்றார். அந்த ஜன்னலிலிருந்து கோபுரம் தெரியாது.

அந்த வீதியில் கடிகாரமே வேண்டாம். விடியற்காலையில் கொள்ளிடத்திலிருந்து யானை திருமஞ்சனத் தீர்த்தம் கொண்டுவரும் மணிச்சத்தம் கேட்டால் அம்மா எழுந்து வாசல் தெளிப்பார். ஐப்பசி மாதம் மட்டும் யானை அம்மா மண்டபத்துப் பக்கம், காவிரிக்குப் போய்விடும். அந்த ஒரு மாதம் அம்மாவுக்கு எழுந்திருக்கும் நேரமே தப்பிப்போகும். "கோயில்ல துலுக்க நாச்சியாருக்கு ரொட்டி நைவேத்தியம் ஆயிருக்கும், நீ இன்னும் பல்லு தேய்க்கலை" என்று என்னை எழுப்புவார். மத்தியானம் பெரிய அவசரம் என்கிற பெருமாளின் மத்தியான நைவேத்தியம். ராத்திரி சாத்தார வீதியில் மளிகைக் கடையை அடைத்துவிட்டு அப்பா மட்டும் தனியாகப் போய் சேவித்துவிட்டு, கிடைத்த நாளில் தொன்னையில் ராத்திரிப் பிரசாதமான அரவணை வாங்கி வருவார். தூங்கிக்கொண்டிருக்கும் எங்கள் வாயில் ஒரு விரல் வழித்து வைப்பார். அந்த நெய்யும் வெல்லமும் தூக்கத்தோடு கலந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே கிடையாது. ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு அடுப்பு.

இரண்டு வருஷம் முன்பு எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். "தாயார்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. நீ எழுந்து நடந்ததும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்து சேர்த்தி சேவிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்." நேர்ந்துகொண்டது எனக்காக. ஆனால் கேட்டது அவர் இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததை. எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது.

முதல் வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி, போக முடியவில்லை. போன பங்குனியில் கிளம்பிவிட்டோம். அம்மா, நான், என் மனைவி. ரயிலில் அம்மா தூங்கவே இல்லை. திருநாள் எந்த நாளில் என்ன என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் பெருமாள் ஜீயபுரம் போவார், ஆறாம் நாள் உறையூர், ஒன்பதாம் நாள் உத்திரத்தன்று சேர்த்தி. ஜீயபுரத்துப் பாட்டி கதையை என் மனைவிக்குச் சொன்னார். பேரன் ரங்கன் வரவில்லையே என்று அந்தப் பாட்டி தவித்தபோது பெருமாளே பேரனாக வந்து பழைய சோறும் மாவடுவும் சாப்பிட்ட கதை. எனக்கு நூறு தடவை கேட்ட கதை. இந்தத் தடவை, "அந்தப் பாட்டி கோயிலுக்குப் போகலை பாத்தியா, அவர்தான் வந்தாரு" என்று ஒரு வரி சேர்த்தார். முன்பெல்லாம் அதைச் சொன்னதில்லை.

உத்திரத்தன்று மத்தியானமே வரிசையில் நின்றுவிட்டோம். மட்டையடி முடிந்திருந்தது. உறையூருக்குப் போய் அங்கிருக்கும் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு, விரலில் இருந்த கணையாழியையும் தொலைத்துவிட்டு வந்தவரை தாயார் அவ்வளவு சுலபத்தில் உள்ளே விடுவாளா? கதவைச் சாத்தி, பூவாலும் வெண்ணெயாலும் வாழைமட்டையாலும் அடித்து, கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். அதையும் பார்க்கவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, வாழை நாரும் பூவும்தான் கீழே கிடந்தன. அம்மா குனிந்து ஒரு சின்ன நாரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல. வெயில் ஏறிய கல்லில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவின் முழங்காலைப் பார்த்து ஒரு ஆள் வந்து, "ஆளுக்கு ஐநூறு கொடுங்க, பத்து நிமிஷத்துல உள்ளே விடறேன்" என்றான். என் மனைவி வேண்டாம் என்றாள். நான்தான் அம்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கொடுத்தேன். அவன் எங்களை ஒரு தூணைச் சுற்றிக் கூட்டிப்போய், நாங்கள் நின்ற இடத்துக்கும் பின்னால் அதே வரிசையில் சேர்த்துவிட்டுக் காணாமல் போனான். பணம் போனால் போகட்டும். அந்த நல்ல நாளில், வயதானவர்களின் வலியைப் பார்த்து வியாபாரம் பேச எப்படி மனசு வருகிறது? அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தாயாரே ஒரு வருஷம் முழுக்கக் காத்துக்கிட்டிருக்கா. நாம நாலு மணி நேரம் நிக்கக் கூடாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் இருந்து தள்ளுகிறவர்கள், முன்னால் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திணறுகிறவர்கள், நடுவில் "கோவிந்தா" சத்தம். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பையிலிருந்த சின்ன மணையை எடுத்துப் போட்டு, "பெரியம்மா, வரிசை நகர்ற வரைக்கும் உட்காருங்க" என்றாள். வரிசை நகரும்போதெல்லாம் அவளே மணையைத் தூக்கிக்கொண்டாள். அவள் நன்றாக இருக்கவேண்டும். ஐந்து குழி மூன்று வாசல் பக்கம் வந்தபோது, சின்ன வயதில் ஐந்து விரலையும் குழியில் வைத்துக் குனிந்து பரமபத வாசலைத் தேடியது ஞாபகம் வந்தது. கம்பர் மண்டபத்தையும் மேட்டழகிய சிங்கரையும் தாண்டும்போது இருட்டிவிட்டது.

உள்ளே போனதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கு, புகை, தலைகள், "நகருங்க, நகருங்க". கூட்டம் ஒரு அலைபோல எங்களை முன்னால் கொண்டுபோய் விட்டது. சட்டென்று எதிரில் இருவரும். உற்சவர் நம்பெருமாள் அஞ்சேல் என்று கை காட்டி நிற்க, பக்கத்திலேயே தாயார். நடுவில் இடைவெளி இல்லாமல் பூ.

அம்மா கைகூப்பவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழங்கால் வலியெல்லாம் மறந்து, நிமிர்ந்து நின்று பார்த்தார். பெருமாளைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார், மறுபடி பெருமாளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க தம்பி" என்றார், ஏதோ அதை எதிர்பார்க்காதவர்போல. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தள்ளிவிட வேண்டிய ஆள் என்ன நினைத்தாரோ, அம்மாவைச் சுற்றிக் கையை அணைபோல வைத்து, "பாட்டிம்மா சேவிக்கட்டும், இருங்க" என்றார். அது எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. உடையவர் ராமானுஜர் கத்யம் என்ற உரைநடைத் துதியை விண்ணப்பித்ததும் இதே உத்திரத்தில், இதே இருவர் முன்னால்தானே. எனக்கு ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன், அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றுதான் வாய் முணுமுணுத்தது. என்னைப் பிழைக்க வைத்ததே இதற்குத்தான் என்று அந்த இடத்தில் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தாயே, ரங்கநாயகி, உனக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்.

வெளியே வந்து மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததும் அம்மா கேட்டார், "அப்பா இருந்திருந்தா இன்னிக்கு ஒரு நாளாவது கடையை அடைச்சுட்டு வந்திருப்பாரா?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

வடக்கு வாசல் வழியாக உத்திர வீதிக்கு வந்தோம். பழைய வீட்டு வாசலில் யாரோ பெரிய படிக்கோலம் போட்டிருந்தார்கள். அம்மா நின்றுவிட்டார். திண்ணையில் இருந்த பெரியவரிடம் நாங்கள் இன்னார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொன்னார்கள். வீடு முழுக்க விருந்தாளிகள். கூடத்தில் இலை போட்டிருந்தது. சமையலறையிலிருந்து ஒரு பெண், முப்பது வயது இருக்கும், நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்கம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

"சேர்த்தி சேவிச்சாச்சாம்மா?" என்றார் அம்மா.

"எங்கம்மா. காலைல இருந்து ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. அடுத்த வருஷம் பாக்கணும்."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்பக் கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வடக்கு வாசல் வழியாப் போ. முகத்தைக் கழுவிட்டு உடனே கிளம்பு. இந்தப் பந்தியை நான் பாத்துக்கறேன்." அந்தப் பெண் தயங்கி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையசைத்தார்.

அவள் படியிறங்கி ஓட்டமாகப் போனாள். அம்மா பழைய இடத்திலேயே, அந்த ஜன்னலுக்கு எதிரில் நின்று, ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "தம்பி, யாருக்கு இன்னும் சாதம் வேணும்னு கேளு" என்றார்.