டர்பனில் மாணவர் பேண்டு: ஒவ்வொருவர் சட்ஜமும் ஒவ்வோரிடத்தில்

தைப்பூசக் காவடியின் சந்தடி அடங்குகிற சமயத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு சூடுபிடிக்கும். ஜூனில் கல்லூரி திறந்து பழகியவர்களுக்கு இந்த நாள்காட்டி முதலில் பிடிபடாது. பிப்ரவரியில் கல்வியாண்டு தொடக்கம், ஜூனில் ஒரு தேர்வு, நவம்பரில் இன்னொன்று, டிசம்பரில் கோடை விடுமுறை. மாணவர்களின் காற்று வாத்திய பேண்டை ஏற்று நடத்த வருகிறவர் முதலில் இதற்குத்தான் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். பிப்ரவரி அறிமுக வாரத்தில் ஆள் சேர்ப்பு. மே முதல் பாதிக்குள் ஒரு கச்சேரி, செப்டம்பர் 24 மரபு நாள் அரசு விடுமுறையை ஒட்டி இன்னொன்று. ஜூனிலும் அக்டோபர் கடைசியிலும் ஒத்திகை வைத்தால் பாதி நாற்காலி காலியாகவே இருக்கும். வராதவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

சேர்வதற்குத் தேர்வு வைக்க வேண்டாம். வாசித்துக் காட்டச் சொன்னாலே, வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதற்குப் பதில் நான்கு கேள்விகள் போதும். என்ன வாசித்திருக்கிறாய்? எதைப் பார்த்து வாசித்தாய்? சொந்த வாத்தியம் உண்டா? ஒத்திகை முடிந்து எப்படி வீட்டுக்குப் போவாய்? நான்காவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களில் இந்த ஊரின் சரித்திரமே இருக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பல் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் புறநகர்களிலிருந்து வருவார்கள். அவர்களில் சிலர் கோயிலில் தவிலோ உறுமியோ அடித்தவர்கள். தாளில் எழுதிய இசையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஜூலு மாணவர்கள் பலர் பள்ளிப் பாட்டுக் குழுவிலும் கிறிஸ்தவச் சபையிலும் டோ ரே மீ எழுத்துகளைப் பார்த்துப் பாடி வளர்ந்தவர்கள். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் பித்தளை பேண்டில் வாசித்தவர்கள் மேற்கத்திய ஐந்து கோட்டுத் தாளைச் சரளமாகப் படிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மேற்படிப்புக்கு வந்தவர்களிடம் ஸரிகமபதநி இருக்கும்.

இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் பாலம் ஒன்று உண்டு. அது நகரும் சட்ஜம். டோ ரே மீ முறையில் டோ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், நம் ஸ போலவே. பேண்டு வாத்தியங்களும் அப்படித்தான். பேண்டின் சட்ஜம் பி ஃபிளாட், அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டை, என்று வைத்துக்கொள்வோம். புல்லாங்குழலுக்கும் டிராம்போனுக்கும் தாளில் பி ஃபிளாட்டே இருக்கும். கிளாரினெட், டிரம்பெட், டெனர் சாக்ஸபோனுக்கு அதே சுரம் சி. ஆல்டோ, பாரிடோன் சாக்ஸபோன்களுக்கு ஜி. ஹார்னுக்கு எஃப். முதல் ஒத்திகையில் இதை விளக்க உட்கார்ந்தால் அரை மணி போய்விடும். பலகையில் ‘ஸ = டோ’, ‘ப = சோ’ என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஸ எந்த விரலமைப்பில் என்று மட்டும் காட்டிவிடுங்கள். பிறகு எல்லோரும் சங்கராபரணம் ஏறி இறங்கட்டும். பத்து நிமிடத்தில் அறை முழுக்க ஒரே சுருதி கேட்கும்.

சுருதி சேர்க்க, சுரம் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் டியூனர் மட்டும் போதாது. கைபேசியில் ஆறரைக் கட்டைத் தம்பூராவை ஒலிபெருக்கியில் போடுங்கள். பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டுச் சுரத்தில் காந்தாரம் வாசிப்பவர் டியூனர் காட்டும் இடத்திலிருந்து 14 சென்ட் கீழே வந்தால்தான் அந்த ஒலி அடங்கி இனிக்கும் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). டியூனர் அதைத் தப்பென்று காட்டும். தம்பூராவோடு வளர்ந்த காது அந்தர காந்தாரத்தைத் தானாகவே அங்கே வைக்கும். நம் பிள்ளைகள் இந்த பேண்டுக்குக் கொண்டுவரும் பெரிய சொத்து இதுதான்.

அதே பிள்ளைகளிடம் இரண்டு சிக்கலும் உண்டு. ஒன்று கமகம். சுரத்தை அசைத்தே பழகியவர் நீண்ட சுரத்தில் லேசாக ஆட்டுவார். பக்கத்தில் மூன்று பேர் நேராகப் பிடித்திருக்க, கூட்டுச் சுரம் கலங்கும். ‘ஆட்டாதே’ என்று சொல்வதைவிட, மெல்லிய ஒலியில் 8 எண்ணிக்கைக்கு ஒரு சுரம், 4 எண்ணிக்கை மூச்சு என்று தினம் ஐந்து நிமிடம் கொடுத்தால் தானே அடங்கும். மற்றொன்று, பாட்டின் மெட்டு தன்னிடம் இல்லையே என்ற தவிப்பு. மூன்றாம் கிளாரினெட் வாசிப்பவர் தன் வரியை மட்டும் கேட்டால் ‘இது என்ன பாட்டு?’ என்றுதான் தோன்றும். முதலில் எல்லோரும் மெட்டைப் பாடட்டும். அப்புறம் மூன்றாம் கிளாரினெட் மட்டும் வாசிக்க, மற்றவர்கள் மெல்லப் பாடட்டும். தன் சுரம் எங்கே தாங்குகிறது என்று அப்போது புரியும்.

தவில் வாசித்தவருக்கு, நாலு தட்டு கொண்ட கட்டம் (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) இரண்டு சேர்ந்தால் ஆதி தாளம் என்றால் போதும், பிடித்துக்கொள்வார். தடுமாறுவது சும்மா இருக்கும் இடத்தில். 24 கட்டம் ஓய்வு என்றால் நடுவில் கை துறுதுறுக்கும். விரல்விட்டு எண்ண வைத்து, எந்த வாத்தியம் நுழைந்ததும் அவர் முறை என்பதைத் தாளில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

சால்வேஷன் ஆர்மியிலிருந்து வரும் யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியக்காரருக்கு பாஸ் கிளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான குறி) தாளை நீட்டிவிட்டு, ‘படிக்கத் தெரியவில்லை’ என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் அநியாயம். அங்கே பாஸ் டிராம்போன் தவிர பித்தளை வாத்தியம் எல்லாவற்றுக்கும் மேல் சுரங்களுக்கான டிரெபிள் கிளெஃபில்தான் எழுதுவார்கள். பேண்டுப் பதிப்புகள் பலவற்றில் யூஃபோனியத்துக்கு டிரெபிள் கிளெஃப் தாளும் சேர்ந்தே வரும். உறைக்குள் தேடி எடுத்துக் கொடுங்கள்.

முப்பது பேர் என்றால் இப்படி அமைந்தால் ஒலி சமனாக இருக்கும்: புல்லாங்குழல் 4, கிளாரினெட் 8, ஆல்டோ சாக்ஸபோன் 3, டெனர் சாக்ஸபோன் 1, பாரிடோன் சாக்ஸபோன் 1, டிரம்பெட் 4, ஹார்ன் 2, டிராம்போன் 3, யூஃபோனியம் 1, டியூபா 1, தாள வாத்தியம் 2. நிஜத்தில் 7 ஆல்டோவும் 2 கிளாரினெட்டும் வருவார்கள், டியூபா வராது. யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். மேல், நடு, கீழ், அடி என்று நான்கைந்து குரலாக எழுதி எந்த வாத்தியத்துக்கும் தாள் தருகிற பதிப்புகள் கிடைக்கின்றன. முதல் ஆண்டு முழுக்க அவற்றிலேயே ஓட்டலாம். அடிக்குரலுக்கு பாரிடோன் சாக்ஸோ பாஸ் கிளாரினெட்டோ ஒன்று இருந்தால் தாங்கும். இதுவரை எதையுமே ஊதாதவருக்கு ஸ முதல் ப வரை ஐந்து சுரத்தில் தனித் தாள் எழுதிக் கொடுத்தால் எட்டு வாரத்தில் மேடை ஏறிவிடுவார்.

தொடக்கப் பாடத்துக்கு நோட்டுஸ்வரங்களைவிடப் பொருத்தமானது இல்லை. சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் பாட்டெழுதினார். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, சிறியவை, பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. பேண்டிலிருந்து வந்த மெட்டு மறுபடி பேண்டுக்கே போகிறது. பல்கலைக்கழக விழாக்களில் கட்டாயம் கேட்கப்படுவது தென்னாப்பிரிக்க தேசிய கீதம். 1997 முதல் உள்ள வடிவத்தில் ஐந்து மொழிகள். பாதியில் சட்ஜமே பஞ்சமத்துக்கு நகர்ந்துவிடும். அந்தத் திருப்பத்தில் தாளில் சட்ஜம் மாறியதைக் காட்டும் புதிய குறியைப் பார்க்காமல் பழைய விரலிலேயே ஊதுவார்கள். திருப்பத்துக்கு முன் இரண்டு கட்டம், பின் நான்கு கட்டம் மட்டும் தனியாகப் பத்து முறை வாசிக்க வையுங்கள்.

டர்பன் வெக்கையும் ஈரமும் சென்னைக்காரருக்குப் பழகியது, வாத்தியத்துக்கு அல்ல. அறை 10 டிகிரி சூடானால் ஊதும் வாத்தியத்தின் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் கால் பங்கு ஏறும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம் ஏறாது. ஆகவே வாசித்துச் சூடான பிறகே சுருதி சேர்க்க வேண்டும். கிளாரினெட்டை வாசித்து முடித்ததும் துணி இழுத்துத் துடைக்காமல் பெட்டியில் அடைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். துளையை மூடித் திறக்கும் விசை ஒட்டினால் சிகரெட் தாளை மூடியின் கீழ் வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள்; எண்ணெய் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் சாக்ஸபோனை விட்டால் துளை மூடியில் உள்ள தோலின் பசை இளகிக் கழன்றுவிடும். ரீடு, அதாவது வாயில் அதிரும் நாணல் பட்டை, தொடக்கக்காரருக்கு 2 அல்லது இரண்டரை எண் கனத்தில் போதும். மூன்று ரீடுகளை மாற்றி மாற்றி வாசித்தால் நாள்பட வரும். வாயில் வைக்கும் கருப்பு ஊதுமுனையை வெந்நீரில் கழுவினால் பச்சை பாயும், வெதுவெதுப்பான நீர் போதும். டிரம்பெட்டின் ஊதுமுனை சிக்கிக்கொண்டால் இடுக்கியைத் தொடவே கூடாது. அதற்கென்று உள்ள இழுப்பானை வாங்கி அலமாரியில் வையுங்கள்.

அறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் ‘சனிபோனானி’ சொல்லுங்கள். அது பலரை ஒருசேர வணங்கும் ஜூலுச் சொல். உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகளிடம் ‘வணக்கம்’ எடுபடும், ஆனால் அவர்கள் தமிழைத் திருத்த வேண்டாம். கவெண்டர், மூட்லி என்று அவர்கள் எப்படித் தங்கள் பெயரைச் சொல்கிறார்களோ அப்படியே அழையுங்கள். ஐந்து தலைமுறைக்குப் பிறகும் புரட்டாசி விரதம் விடாதவர்கள் அவர்கள். கச்சேரிக்குப் பின் பிராய் (இறைச்சி சுடும் திறந்தவெளி விருந்து) அடுப்பு மூட்டினால் மரக்கறிக்குத் தனித் தட்டிக் கம்பி இருக்க வேண்டும். சனி, ஞாயிறில் ஒத்திகை வேண்டாம். விரதமும் சபையும் குறுக்கிடும்.

வார நாளில் மாலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஏழுக்குச் சரியாக முடியுங்கள். ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும், மினிபஸ் டாக்சிகளும் குறையத் தொடங்கும். கார் வைத்திருப்பவர் யார், யார் எந்தப் பக்கம் என்று ஒரு பட்டியல் சேர்ப்பு நாளன்றே எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட வேண்டும். விளக்கணைத்துப் பூட்டுமுன் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இன்றைக்கு யாரோடு போகிறார் என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும்.